அகத்தி இல்லாத கொடிக்கால்

2023 ஜூலையில் ஒரு காலை, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில், என் வெற்றிலைக் கொடியின் உச்சியில் மூன்று இலைகள் வெளுத்திருந்தன. பழுக்கவில்லை, வெளுத்திருந்தன. இந்த வித்தியாசம் தெரிந்த குடும்பம் எங்களுடையது. தாமிரபரணிக் கரையில், ஆத்தூரில், தாத்தாவுக்குக் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், இருந்தது. வெற்றிலை பழுத்தால் கொடியின் அடியிலிருந்து பழுக்கும்; முழு இலையும் சீராக மஞ்சளாகும்; தொட்டால் கையோடு வரும். இது உச்சியில் வந்திருந்தது. இலை காகிதம் மாதிரி இருந்தது. மூன்றில் கீழே இருந்த இலையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது: அதன் நடுவில் இதய வடிவத்தில் பச்சை அப்படியே இருந்தது. மேலே நின்ற இலையின் நிழல் விழுந்த இடம் அது. நிழல் விழுந்த இடம் பிழைத்திருக்கிறது, விழாத இடம் வெந்திருக்கிறது.

இதைவிடத் தெளிவாக ஒரு செடி பேச முடியாது. எனக்குத்தான் அன்றைக்குக் காது கேட்கவில்லை. தண்ணீர் போதவில்லை போல என்று ஒரு சொம்பு ஊற்றிவிட்டு ஆபீஸ் கிளம்பிவிட்டேன்.

அந்தக் கொடி வந்த கதையைச் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் அம்மா லெனேசியாவில் இருக்கிறார். டர்பனில் பிறந்தவர். கல்யாணமாகி ஜோகன்னஸ்பர்க் பக்கம் வந்து ஐம்பது வருஷம் ஆகிறது. இங்கே எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார். சின்ன வயதில் கோயில் சங்கத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். அவர் தமிழில் பாதிக்கு மேல் இங்கிலீஷ் கலந்திருக்கும். ஆனால் மீதிப் பாதி, எங்கள் ஊரிலேயே இப்போது கேட்காத பழைய தமிழ். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து முதல் கப்பல் டர்பன் துறைக்கு வந்தது. அப்புறம் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். அந்த வழியில் வந்த குடும்பம். ஆன்ட்டியின் தங்கை இன்னும் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். அவர் வீட்டுப் புழக்கடைச் சுவரில் வெற்றிலை படர்ந்து கிடக்கிறது. அதிலிருந்து நான்கு கணு வைத்து வெட்டிய தண்டு ஒன்று, ஈரத்துணியில் சுற்றி, ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் ஆறு மணி நேரம் காரில் பயணம் செய்து என்னிடம் வந்தது.

“டர்பன் கொடி தம்பி, குளிர் அடிச்சா செத்துப் போகும்” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

குளிரைப் பற்றி அவர் சொன்னது சரி. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. ஜூன், ஜூலையில் விடிகாலை உறைபனி விழும். அதனால் கொடியை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். வீட்டுக்குள் இன்னொரு சிக்கல் காத்திருந்தது: எங்கள் ஃபிளாட் தெற்குப் பார்த்தது. வீடு பார்க்கப் போன அன்று அதைக் கேட்டதும் மனதுக்குள் ஒரு சந்தோஷம், தென்றல் வரும் என்று. தமிழ்நாட்டு மூளை அப்படித்தான் வேலை செய்யும். பூமத்திய ரேகைக்கு 26 டிகிரி தெற்கே இருக்கிற ஊரில் குளிர்காலச் சூரியன் வடக்குப் பக்கமாகவே போய்விடும். ஜூன் கடைசியில் உச்சிவேளையில்கூட வடக்கே 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கு ஜன்னலுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை ஒரு கதிர்கூடக் கிடையாது. தென்றலும் கிடையாது, அண்டார்க்டிகா பக்கத்துக் குளிர்காற்றுதான் வரும்.

ஆகவே விளக்கு. செடி வளர்க்கிற எல்.இ.டி. விளக்கு, தகடு மாதிரி, மேலிருந்து கம்பியில் தொங்கவிடுவது. பெட்டியில் 1,500 வாட் என்று போட்டிருந்தது. பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 140 வாட் இழுக்கிறது. விலை குறைந்த விளக்குகளில் பெட்டி மேல் இருக்கும் எண் சும்மா ஒரு அலங்காரம் என்று பிறகு தெரிந்தது. சுவரிலிருந்து இழுக்கிற வாட்தான் நிஜம். 1,500 எங்கே 140 எங்கே என்று எனக்கு ஒரே ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தை ஈடுகட்டத்தான் விளக்கைக் கொடிக்கு ஒரு சாண் உயரத்தில் இறக்கிக் கட்டினேன். காலை ஐந்து மணிக்கு எரிந்து இரவு ஒன்பதுக்கு அணைகிற மாதிரி டைமர் வைத்தேன். 16 மணி நேரம். பாவம், வெயிலே பார்க்காத செடி, வேண்டிய மட்டும் குடிக்கட்டும் என்று.

மூன்று வாரத்தில் வெளுப்பு வந்தது.

கண்ணை நம்பியதுதான் தப்பு. மனிதக் கண் வெளிச்சத்துக்குச் சட்டென்று பழகிவிடும். ஐந்து மடங்கு வித்தியாசத்தைக்கூடக் கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது என்று தள்ளிவிடும். போனில் வெளிச்சம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கி, இலை இருந்த இடத்தில் போனை மல்லாக்க வைத்துப் பார்த்தேன். 42,000 லக்ஸ். வெட்டவெளியில் உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தாண்டுமே, இது பாதிகூட இல்லையே என்று முதலில் தோன்றியது. ஆனால் வெயிலுக்குக் காலை உண்டு, மாலை உண்டு, மேகம் உண்டு. என் விளக்குக்கு அதெல்லாம் இல்லை. ஐந்து மணிக்கு எரிந்தால் ஒன்பது மணி வரை ஒரே உச்சிவேளை.

கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்காக: வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் லக்ஸ் எண்ணைச் சுமாராக 70ஆல் வகுத்தால், செடிக்குப் பயன்படுகிற ஒளி ஒரு சதுர மீட்டருக்கு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்று கிடைக்கும். என்னுடையது 600. அதை 16 மணி நேரத்தின் வினாடிகளால் பெருக்கினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 35 மோல். ஆத்தூரில் மரமே இல்லாத களத்து மேட்டில் ஒரு தெளிவான நாள் முழுக்க நின்றால் கிடைக்கிற அளவுக்குப் பக்கத்தில் வருகிறது. போன் ஆப் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும்தான். அதைக் கழித்தாலும் விஷயம் மாறாது.

அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு அகத்தி ஞாபகம் வந்தது.

கொடிக்கால் போடுகிறவர்கள் முதலில் வெற்றிலையை நட மாட்டார்கள். முதலில் அகத்தி விதைப்பார்கள். அகத்தி ஓர் ஆள் உயரம் வளர்ந்து, மெல்லிய நிழல் விழத் தொடங்கிய பிறகுதான் வெற்றிலைத் தண்டு மண்ணுக்குள் போகும். கொடி ஏறுவதும் அந்த அகத்தி மேல்தான். வெயில் ஏற ஏற அகத்தியின் குடையும் விரியும். ரொம்ப அடர்ந்துவிட்டால் கிளையைக் கழித்து வெளிச்சம் விடுவார்கள். கழித்த தழை வீட்டுக்கும் ஆகும், ஆட்டுக்கும் ஆகும். சின்ன வயதில் அகத்தி எதற்கு என்று கேட்டிருந்தால் கொடி ஏற என்று சொல்லியிருப்பேன். கொடி ஏற ஒரு கம்பு போதுமே! அந்த ஈர்க்கு ஈர்க்காய் இலை விட்ட மரத்தின் பாதி வேலை வெளிச்சத்தை அளந்து விடுவது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று வீட்டு வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோரும் கைதட்டினோம். அதே வருஷம் அந்த ஊர்ப் பேரன் ஒருவன் வெற்றிலையை அகத்தி இல்லாமல் விளக்கடியில் வைத்து வறுத்துக்கொண்டிருந்தான்.

இலைக்குள் நடப்பது சமையலறைக் கணக்குதான். மாவு ஊற்றுகிற வேகத்துக்குத் தோசையைத் திருப்ப முடியாவிட்டால் கல்லிலேயே கருகும். ஒளியை வாங்குகிற பச்சையம் வாங்கிக்கொண்டே இருக்கும். அதைச் சர்க்கரையாக மாற்றுகிற பின்கட்டு வேலைக்கு ஒரு வேக வரம்பு உண்டு. மிஞ்சுகிற ஆற்றலில் கொஞ்சத்தை இலை சூடாக மாற்றி வெளியே விட்டுவிடும். அதற்கென்று தனி மஞ்சள் நிறமிகள் இருக்கின்றன. அதற்கும் மேலே போனால் பச்சையத்தைச் சுற்றி இருக்கிற புரதங்கள் உடையத் தொடங்கும். ஒளி பட்டாலே அந்தப் புரதங்களில் சில தினமும் உடையத்தான் செய்யும். இலை தினமும் பழுது பார்க்கும். பழுது பார்ப்பதைவிட உடைவது வேகமாகிவிட்டால் வெளுப்பு. நிழலில் பிறந்த இலை மெல்லியது, அதற்கு இந்தத் தற்காப்பெல்லாம் குறைவு. மாந்தளிர் சிவப்பாக வருவதைப் பார்த்திருப்போம். அந்தச் சிவப்பு இளம் இலைக்கு ஒரு குடை. வெற்றிலைத் தளிருக்கு அந்தக் குடையும் இல்லை.

இன்னொன்றும் சேர்ந்திருந்தது. இது எனக்கு அடுத்த வருஷம்தான் உறைத்தது. இங்கே பெரும்பாலான வீடுகளில் வீடு முழுக்கச் சூடேற்றுகிற ஹீட்டிங் எல்லாம் கிடையாது. ஜூலையில் விடிகாலை அந்த அறையில் 11 டிகிரி. குளிரில் இலையின் பின்கட்டு வேலை மந்தமாகிவிடும். ஆனால் ஒளியை வாங்குகிற வேலைக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. அதாவது கல் சூடாகாமல் மாவு மட்டும் ஊற்றுகிற நேரம். சரியாக அந்த நேரத்தில், ஐந்து மணிக்கு, முழு வெளிச்சத்தைப் போட்டிருக்கிறேன். இப்போது ஒன்பது மணிக்குத்தான் விளக்கு எரியும், அறை கொஞ்சம் கதகதப்பான பிறகு.

செய்த மாற்றம் என்னவோ எளிதுதான். விளக்கை இரண்டு அடிக்குத் தூக்கினேன். ஆப் 14,000 லக்ஸ் காட்டியது. நேரத்தை 12 மணியாகக் குறைத்தேன். ஒரு நாளைக்கு ஒன்பது மோலுக்குக் கொஞ்சம் கீழே வரும். வெளுத்த இலைகளை என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அவை மறுபடி பச்சையாகாது. அந்தப் பச்சையம் போனது போனதுதான். முழுக்கக் காகிதமாகிவிட்ட இரண்டைக் கிள்ளினேன். நடுவில் பச்சை இதயம் வைத்திருந்த மூன்றாவதை விட்டுவிட்டேன், அந்த மிச்சத்தில் அது இன்னும் கொடிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்ததால். பலன் தெரிந்ததா என்று பழைய இலையைப் பார்த்துப் பயனில்லை. ஐந்து வாரம் கழித்து வந்த புது இலை தட்டையாக, அடர்த்தியாக, முகத்தை நேராக விளக்குக்குக் காட்டி நின்றது. அதற்கு முன் வந்த இலைகள் ஓரத்தை மேலே மடக்கிக் கிண்ணம் மாதிரி நின்றதை நான் அழகு என்று போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பக்கத்தில் நின்ற கறிவேப்பிலைக்கு இத்தனைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே விளக்கு, அதே ஒரு சாண். அது வெயிலுக்குப் பிறந்தது. விளக்கைத் தூக்கிய பிறகு அதற்குத்தான் வெளிச்சம் போதாமல் கணுவுக்குக் கணு நீண்டுகொண்டு போனது. அப்புறம் கறிவேப்பிலைத் தொட்டியை நான்கு செங்கல் மேல் ஏற்றி வைத்தேன். ஒரே விளக்கில் இரண்டு ஊர். குளிரில் அது பாதி இலையை மஞ்சளாக்கிக் கொட்டும். அது அதன் வழக்கம், விளக்கைக் குறை சொல்லக் கூடாது.

இனி கத்திரிக்காய்க்கு வருகிறேன்.

2023ஐ இந்த ஊரில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் லோட்ஷெட்டிங், அதாவது முறை வைத்து மின்வெட்டு. வெட்டு கூடக் கூட ஸ்டேஜ் எண்ணும் ஏறும்; ஆறாவது ஸ்டேஜ் என்றால் இரண்டு இரண்டு மணி நேரமாக ஒரு நாளைக்கு மூன்று தடவைகூடப் போகும். என் டைமர் பழைய மாடல். சுற்றிலும் 96 குட்டி முள் இருக்கும், ஒன்றுக்குக் கால் மணி நேரம். உள்ளே ஒரு மோட்டார் சுற்றும். கரண்ட் போனால் அந்தக் கடிகாரமும் நின்றுவிடும். ஒரு வாரத்தில் அதற்கும் உலகத்துக்கும் தொடர்பே இல்லாமல் போய்விட்டது. நடுராத்திரி விளக்கு எரிகிறது, பகலில் தூங்குகிறது. தினமும் திருகித் திருகி அலுத்துப் போய், பக்கவாட்டில் இருந்த சின்ன பித்தானை எப்போதும் எரிகிற பக்கம் தள்ளிவிட்டேன். கரண்ட் இருக்கும்போது எரியட்டும், இல்லாதபோது அணையட்டும். இரவு படுக்கப் போகும்போது கையால் அணைத்துவிடுவேன். பல நாள் அந்த வேலையையும் லோட்ஷெட்டிங்கே செய்துவிடும்.

2024 மார்ச் 26ஆம் தேதி லோட்ஷெட்டிங் நின்றது. இரண்டு வாரம் யாரும் நம்பவில்லை. அப்புறம் நம்பினோம், அப்புறம் மறந்தோம். மே மாதம் செடிகளை மறுபடி உள்ளே வைத்தேன். ஜூலையில் வசந்தத்துக்கு முன்கூட்டியே கத்திரியும் தக்காளியும் நாற்று விட்டேன். அறைக்கதவைச் சாத்தி, குளிர் புகாமல் இருக்க அடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்தேன். டைமர் பிளக்கில் இருக்கிறது, முள்ளெல்லாம் ஒன்பதிலிருந்து ஒன்பது வரை சரியாகத் தள்ளியிருக்கிறது. பக்கவாட்டுப் பித்தான் எனக்கு ஞாபகமே இல்லை.

மூன்றாவது வாரம் கத்திரி நாற்றின் இலைகளில் நரம்புக்கு இடையே தேமல் மாதிரி மஞ்சள். தக்காளிக்கும் அதேதான். நரம்புக்கு நடுவே மஞ்சள் என்றால் மெக்னீசியக் குறைவு என்று எங்கேயோ படித்திருந்தேன். எப்சம் உப்பு வாங்கிக் கரைத்து ஊற்றினேன். மெக்னீசியம் குறைந்தால் முதலில் கீழ் இலை மஞ்சளாகும், இரும்பு குறைந்தால் முதலில் மேல் இலை. என் நாற்றில் எல்லா இலையிலும் இருந்தது. அதை ஒரு சேதியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன், மாறவில்லை. சரி, செஞ்சிலந்தியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். செஞ்சிலந்தி கடித்தால் ஊசி குத்திய மாதிரி பொடிப் பொடிப் புள்ளி விழும். இலையை வெள்ளைத்தாள் மேல் தட்டினால் மிளகுப்பொடி மாதிரி விழுந்து நகரும். தட்டிப் பார்க்க அரை நிமிஷம்கூட ஆகாது. நான் தட்டிப் பார்க்கவில்லை. நேராக வேப்பெண்ணெய் வாங்கப் போனேன்.

வேப்பெண்ணெய் என்றதும் ஆன்ட்டி சிரித்தார். அவர் வீட்டில் அம்மனுக்கு வேப்பிலை என்று கட்டுவது சிரிங்கா மரத்து இலை. நம் வேம்புக்கு ஒன்றுவிட்ட உறவு; இந்தக் குளிரையும் தாங்கும். “எங்களுக்கு இதுதான் வேப்பிலை, அம்மன் ஒண்ணும் சொல்லல” என்றார்.

வேப்பெண்ணெய் அடித்தால் இலை காய்கிற வரை வெளிச்சம் படக் கூடாது. எண்ணெய்ப் படலத்தோடு சூடும் ஒளியும் சேர்ந்தால் இலை வெந்துவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இரவு எட்டேமுக்காலுக்கு அடித்தேன், ஒன்பதுக்கு விளக்கு அணைந்துவிடும் என்று. நாற்றுக்கு மட்டும் அடித்து நிறுத்தியிருக்கலாம். மிச்சம் இருக்கிறதே என்று வெற்றிலைக்கும் நன்றாக அடித்துவிட்டு, கதவைச் சாத்தி, துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் வெற்றிலையில் எண்ணெய்த் துளி தேங்கிய இடமெல்லாம் கண்ணாடி மாதிரி ஈரத்திட்டு. இரண்டு நாளில் அவை பழுப்பாகி ஓட்டை விழுந்தன. எண்ணெயின் அளவு கூடிவிட்டது போல என்று நினைத்தேன். அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கூட வைத்தேன்.

கண்டுபிடித்தது என் மனைவி. இலையைப் பார்த்தல்ல, பிரீபெய்ட் மீட்டரைப் பார்த்து. “யூனிட் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருது? கெய்ஸரில் ஏதாவது ரிப்பேரா?” என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவள், எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டரின் சிவப்பு விளக்கு விடாமல் மினுக்குவதைப் பார்த்து, ஒவ்வோர் அறையாகத் திறந்தாள். செடி அறையைத் திறந்ததும் நடுப்பகல். 140 வாட், 24 மணி நேரம். மாதத்துக்கு நூறு யூனிட். என்னை எழுப்பி அழைத்துப் போய்க் காட்டினாள். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தக்காளிக்கும் கத்திரிக்கும் இரவு இல்லாமல் ஆகாது. இடைவிடாத வெளிச்சத்தில் வைத்தால் இரண்டும் இதே தேமல் மஞ்சளைக் காட்டும். ரொம்ப நாளாகவே தெரிந்த விஷயம் இது. இதில் சுவாரசியம் என்னவென்றால், காட்டுத் தக்காளி இனங்கள் சில இதைத் தாங்கும். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2014இல் அதற்குக் காரணமாக ஒரு மரபணுவைக் காட்டினார்கள். கேப்-13 என்று பெயர். ஒளியை வாங்குகிற புரதம் ஒன்றுக்கான மரபணு. வீட்டுத் தக்காளியில் அது சரியாக வேலை செய்வதில்லை. காட்டுத் தக்காளியிலிருந்து அதை வீட்டுத் தக்காளிக்குக் கொண்டுவந்தபோது அதுவும் இரவில்லாத வெளிச்சத்தைத் தாங்கியது. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கிற நிலநடுக்கோட்டுப் பக்கத்துச் செடியிடம் இரவைத் தாங்குவாயா என்று கேட்க வேண்டிய தேவையே இருந்திருக்காது; பகல் மட்டுமே என்றால் தாங்குவாயா என்று கேட்க என்னைப் போல ஒருவன் வேண்டியிருந்தது.

லோட்ஷெட்டிங் காலத்தில் இதே அறையில், இதே பித்தான் இதே பக்கம் இருந்தபோது, போன வருஷத்து நாற்று ஒன்றும் ஆகாமல் வளர்ந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. ஊரே சபித்த இருட்டு அதற்கு ராத்திரியாக இருந்திருக்கிறது.

பித்தானைத் தள்ளினேன். அப்புறம் அந்த டைமரையே தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே பேட்டரி இருக்கிற டிஜிட்டல் டைமர் வாங்கினேன். இரண்டு வாரத்தில் நாற்றின் புது இலைகள் சுத்தமான பச்சையில் வந்தன. வெள்ளைத்தாளில் தட்டியும் பார்த்தேன், சும்மா ஒரு ஒழுங்குக்கு. ஒரு பூச்சி இல்லை. (செப்டம்பரில் நிஜமாகவே செஞ்சிலந்தி வந்தது, வெற்றிலைக்கு. குளியலறைக்குத் தூக்கிப் போய் இலையின் அடிப்பக்கத்தை ஷவரில் மூன்று நாளைக்கு ஒரு தடவை அலசினேன், நான்கு தடவை. போய்விட்டது. உலர்ந்த சூட்டில் அதன் தலைமுறை ஒரு வாரம் பத்து நாளில் முடிந்துவிடும் என்பதால் ஒரு தடவை அலசிவிட்டு நிறுத்தினால் பயனில்லை.)

கடைசியாக ஓரம் கருகுவது. எனக்கு இன்னும் முழுக்கத் தீராத பிரச்சினை இதுதான். வெளிச்சமும் சரி, இரவும் சரி, பூச்சியும் இல்லை. ஆனாலும் வெற்றிலையின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் காயும். தண்ணீரில் குளோரின் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஒரு வாளி பிடித்து இரவெல்லாம் திறந்து வைத்தேன். இங்கே தண்ணீர் தருகிற ராண்ட் வாட்டர் நிறுவனம் குளோரமைனும் சேர்க்கிறது. அது ஓர் இரவில் ஆவியாகிப் போகிற சமாச்சாரமில்லை. அந்த அளவுக்குத் தொட்டிச் செடி செத்துப் போவதும் இல்லை. வாளி வைத்ததில் ஒரு நாள் நான் தடுக்கி விழுந்ததுதான் மிச்சம்.

காரணம் காற்று. ஜோகன்னஸ்பர்க்கில் மழை கோடையில்தான்; மே முதல் செப்டம்பர் வரை வானம் நீலமாக, காற்று காய்ந்த எலும்பாக இருக்கும். உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். 25 டிகிரி அறையில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், காற்று இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிற இழுப்பு, வெற்றிலைக்குப் பிடித்தமானதைப் போல இரண்டு மடங்கு. விளக்கு அதன் மேல் இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றும். வேர் அனுப்புகிற தண்ணீர் நுனிக்கும் ஓரத்துக்கும் கடைசியாகத்தான் போய்ச் சேரும். பற்றாக்குறை முதலில் அங்கேதான் தெரியும். உரத்தின் உப்பும் அங்கேதான் போய்த் தேங்கும். ஆன்ட்டி இதை ஒரே வரியில் சொன்னார்: “டர்பன்ல காத்துலயே தண்ணி இருக்கு தம்பி. இங்க நீ தொட்டில ஊத்தற, காத்து குடிச்சிட்டுப் போகுது.”

கூழாங்கல் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் தொட்டியை வைத்தேன். ஈரப்பதம் இரண்டு சதவீதம் ஏறியது. தெளிப்பானால் இலை மேல் அடித்தேன். பத்து நிமிஷத்தில் காய்ந்தது. கடைசியில் கைகொடுத்தது, ஃபோர்ட்ஸ்பர்க்கில் மீட்டர் கணக்கில் வாங்கிய கண்ணாடி பிளாஸ்டிக் தாள். நான்கு மூங்கில் குச்சி நட்டு அதைச் சுற்றி, மேலே ஒரு கை நுழைகிற இடைவெளி விட்டேன். உள்ளே ஈரப்பதம் 60க்கு மேல் நிற்கிறது. மாதம் ஒரு தடவை தொட்டியில் அடித்துளை வழியே ஓடுகிற வரை வெறும் தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவுகிறேன். அந்தத் தாளுக்கு மேல், கொடியின் உச்சிக்கு நேராக, ஒரு பழைய கொசுவலைத் துண்டையும் போட்டேன். வெளிச்சம் 14,000இலிருந்து 10,000க்கு இறங்கியது, இலை இன்னும் கொஞ்சம் அகலமாக வருகிறது. மனைவி அதற்கு அகத்தி என்று பெயர் வைத்திருக்கிறாள். “அகத்தியை எடுத்துத் துவைச்சுப் போடுங்க, தூசி படிஞ்சிருக்கு” என்பாள்.

இத்தனைக்கும் பிறகும் நான்கில் ஒரு இலையாவது ஓரம் கருகித்தான் வருகிறது.

சென்ற புரட்டாசியில் ஆன்ட்டி போன் செய்தார். இங்கே பழைய தமிழ்க் குடும்பங்களுக்குப் புரட்டாசி ரொம்ப முக்கியம்; மாதம் முழுக்கக் கறி மீன் கிடையாது, சனிக்கிழமை படையல். அந்த வாரம் கடையில் வெற்றிலை கிடைக்கவில்லையாம். கொடியில் அப்போது நாற்பது இலைக்கு மேல் இருந்தது. ஒரு கவுளி என்றால் நூறு. தாத்தா கேட்டால் சிரிப்பார். காம்பு நீளமாக விட்டுப் பன்னிரண்டு கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி, அதே ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து லெனேசியாவுக்குக் கொண்டுபோனேன்.

ஆன்ட்டி ஒவ்வொன்றாக எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினொன்றைத் தட்டில் அடுக்கினார். பன்னிரண்டாவது, வேப்பெண்ணெய் நாளிலிருந்து தப்பி நின்ற கிழட்டு இலை. நடுவில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை.

“இது சாமிக்கு ஆகாது” என்றார். காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, பாக்கை வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் மென்றார்.

“காரம் இருக்கு” என்றார்.